வில்லுப்பாட்டில் வில் எங்கே?

ஸ்ரீவைகுண்டம் பக்கம் கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களிடம் "வில்லு என்ன வகை வாத்தியம்?" என்று கேட்டுப் பாருங்கள். "தாளம் போடுறது" என்பார்கள். "மணி தொங்கவிடுற கம்பு" என்றுகூட ஒருவர் சொன்னார். நரம்புக் கருவி என்று சொன்னவர் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வில்லுப்பாட்டு பற்றிய புத்தகங்களிலும் கதைதான் பெரிது. வில்லுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். சுமார் 10 அடி நீளத்தில் வளைந்த பனங்கம்பு. இரு முனைகளையும் இழுத்துக் கட்டிய தோல் நாண். கம்பில் வரிசையாக வெண்கல மணிகள். வில்லின் நடுப்பகுதி ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். புலவர் இரண்டு வீசுகோலால் நாணில் அடிப்பார். நாண் அதிர்ந்தால் கம்பு அதிரும், மணி குலுங்கும், குடத்துக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒலிக்கும்.

1914-இல் ஹார்ன்பாஸ்டலும் சாக்ஸும் வெளியிட்ட வாத்திய வகைப்பாட்டில் இதற்குத் தெளிவான இடம் உண்டு: நரம்புக் கருவிகளில் 'இசைவில்'. பிரேசிலின் பெரிம்பாவ் இதன் தூரத்துச் சொந்தம். அதில் சுரைக்குடுக்கை வில்லிலேயே தொங்கும். நம்முடையதில் குடம் தரையில் உட்கார்ந்திருக்கும். அந்தக் குடத்தையும் ஒருவர் பத்தியால் அடித்து வாசிக்கிறார். அதாவது ஒரே குடம் வில்லுக்கு ஒலிப்பெட்டி, இன்னொருவருக்குத் தாள வாத்தியம். இந்த இரட்டை வேலைதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம்.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன்.

ஒன்று, வில்லின் மூலம் பற்றிய பேச்சு. 'பெரும்பாணாற்றுப்படை'யில் வரும் இடையனின் வில்யாழ்தான் இன்றைய வில் என்று பல கட்டுரைகள் போகிற போக்கில் எழுதிவிடுகின்றன. பாட்டில் இருப்பதோ உள்ளே துளையுள்ள குமிழங்கொம்பு, மரல் நார் நரம்பு, விரலால் வாசிப்பது. நம் வில்லில் தோல் நாண், கோலால் அடி, ஒலிக்கத் தனிக் குடம். பொருள், வாசிக்கும் முறை, ஒலிக்கும் முறை மூன்றுமே வேறு. 'வில்' என்ற சொல் ஒன்றாக இருப்பது மட்டும் வம்சாவளிக்குப் போதாது.

இரண்டு, பதிப்புகள். நா. வானமாமலை 'முத்துப்பட்டன் கதை' போன்றவற்றை அச்சேற்றாவிட்டால் பல கதைகள் போயிருக்கும். அந்தக் கடன் பெரியது. ஆனால் அந்த மரபில் வந்த பதிப்புகளில் பாட்டின் சொல் மட்டும்தான் இருக்கிறது. எந்த அடியில் வில் நிற்கிறது, எங்கே வேகம் பிடிக்கிறது என்பது இல்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில்தான் கொடையில் நிகழும் நிகழ்த்துதலே ஆய்வின் மையமானது. அதிலும் கவனம் கதையும் சாமியாட்டமும்தான்.

மூன்று, மைக். இதுதான் அவசரமானது. இழுவிசையும் தடிமனும் மாறாமல் நாணின் நீளம் இரட்டித்தால் அதிர்வெண் பாதியாகும் என்பது பள்ளிப் பாடம். இவ்வளவு நீளமான, கனமான தோல் நாணின் அடிப்படைச் சுரம் மிகத் தாழ்வாகத்தான் இருக்கும். கொடைக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் அந்தத் தாழ்ந்த ஒலியைத் தராது. மணியின் கணகணப்பை மட்டும் நன்றாகத் தூக்கிக் கொடுக்கும். நான் போனில் பதிந்ததிலும் இதேதான்: மணி இருக்கிறது, நாண் இல்லை. மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தால்தான் அந்த 'தும்' கேட்கிறது. இதைச் சொன்னபோது ஒரு வயதான அண்ணாவி சிரித்தார்: "மைக்கு எங்க தொண்டைக்குத்தான் தம்பி. வில்லுக்கு எவன் வைப்பான்?"

கேட்காத ஒலியை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். தோல் நாணுக்குப் பதில் வேறு எதையாவது கட்டினாலும் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அப்போது வில் நிஜமாகவே மணி தொங்கவிடும் கம்பாகிவிடும்.

வேண்டியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. அடுத்த கொடைக்குப் பதிவு செய்யப் போகிறவர்கள் இரண்டாவது மைக் ஒன்றைக் குடத்தின் பக்கத்தில் வையுங்கள். நாணின் நீளம், என்ன தோல், குடத்தின் வாயகலம் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேளுங்கள். அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.