முழுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் ஈடுகளும்

ஹோல், என்டயர், கம்ப்ளீட், டோட்டல், ஃபுல் ஆகிய ஐந்தும் ஆங்கிலத்தில் முழுமையைக் குறிப்பவை. தமிழாக்கத்தில் இவை பெரும்பாலும் 'முழுமையான' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இவற்றைப் பிரித்துக் காட்டத் தமிழில் சொல் இல்லை என்ற கருத்து பிழையானது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் வானம் பார்த்த பூமியில் புழங்கும் சொற்களே இதற்குச் சான்று.

சொற்களின் வேறுபாடு

ஹோல் என்பது உடையாதது. நலத்தைக் குறிக்கும் ஹெல்த் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. கடையில் 'முழு மல்லி' கேட்பவர் உடைக்காத மல்லியையே கேட்கிறார். என்டயர் என்பது எதையும் விடாதது. 'ஊர் அடங்கலும்' என்பதன் பொருள் அதுவே. கம்ப்ளீட் என்பது வேண்டிய உறுப்பெல்லாம் அமைந்து முடிந்தது. முந்தானை நெய்யாத சேலை எவ்வளவு நீளமானாலும் முடிந்த சேலை ஆகாது. டோட்டல் என்பது கூட்டி வந்த தொகை, அதாவது 'மொத்தம்'. ஃபுல் என்பது கொள்ளளவு நிரம்பியது, அதாவது 'நிறைவு'.

ஒரு கண்மாயை வைத்தே ஐந்தையும் விளக்கலாம். கரை உடையாமல் இருப்பது ஹோல். மராமத்து முடிந்தது கம்ப்ளீட். நீர் நிறைந்தது ஃபுல். ஆயக்கட்டு ஒரு வயல் விடாமல் பாய்ந்தது என்டயர். அதன் பரப்பைக் கூட்டிச் சொன்னால் டோட்டல். 'கண்மாய் முழுமை பெற்றது' என்று எழுதினால் மராமத்து முடிந்ததா, நீர் நிறைந்ததா என்பது விளங்காது. மராமத்து முடிந்த செய்தியை நம்பி எவரும் நாற்றுப் பாவ முடியாது.

முற்றும்மையும் எதிர்மறையும்

முழுமையைத் தமிழ் 'உம்' என்ற இடைச்சொல்லாலும் உணர்த்தும், இது முற்றும்மை. எதிர்மறையில் முற்றும்மை எச்சப்பொருள் தருவதும் உண்டு எனத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறுகின்றன. 'எல்லாக் கண்மாயும் நிறையவில்லை' என்றால் சில நிறைந்தன என்றும் கொள்ளலாம், ஒன்றும் நிறையவில்லை என்றும் கொள்ளலாம். மழை பொய்த்த ஆண்டில் வறட்சி நிவாரணம் கேட்டு எழுதும் மனுவில் இந்த ஐயம் இருக்கலாகாது. 'எந்தக் கண்மாயும் நிறையவில்லை' என்றோ 'சில கண்மாய்கள் நிறையவில்லை' என்றோ பிரித்து எழுதுவதே தெளிவு.

மதிப்பீடு

'முழுமையான' என்ற சொல் தவறானதன்று. எல்லா இடத்துக்கும் அதையே இடுவதுதான் குறை. உடையாததா, விடுபடாததா, முடிந்ததா, கூட்டியதா, நிறைந்ததா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் உரிய சொல் ஊர்ப் பேச்சிலேயே கிடைக்கும்.