மெழுகில் முடிய வேண்டிய வேலை

சோழர் காலச் செப்புத்திருமேனிகளைப் பற்றி நம்மிடம் நல்ல எழுத்து நிறைய உண்டு. அவற்றைப் பார்த்து இன்று வார்க்கப்படும் படிகளைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. ‘அழியாக் கைவினை’ என்று தட்டிக்கொடுப்பவர்கள் ஒரு பக்கம், ‘நகல்தானே’ என்று நகர்ந்துவிடுபவர்கள் மறுபக்கம். இரண்டும் மதிப்பீடு ஆகா. சுவாமிமலைப் பட்டறையிலிருந்து வரும் ஒரு நடராஜரை நல்ல வேலை என்றோ மட்டமான வேலை என்றோ சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது அந்த அளவுகோல் ஆகாது என்பதே என் வாதம்.

ஒப்புமையை நம்பக்கூடாது என்பதற்குச் சிவபுரத்தைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கும்பகோணத்தை அடுத்த அந்த ஊரில் 1951-ல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜர், 1954-ல் பழுதுபார்க்க அனுப்பப்பட்டார். திரும்பி வந்தது நகல். அந்த நகலுக்கே பூசை நடந்தது. மூலம் தனியார் கையில் இருப்பது, கலை வரலாற்றாளர் டக்ளஸ் பாரெட் 1965-ல் வெளியிட்ட சோழர் படிமங்கள் பற்றிய நூலால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1973-ல் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் அதை வாங்கினார். வழக்கும் உடன்பாடும் கடந்து, 1986-ல் அது இந்தியா திரும்பியது. இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததால் அந்த நகல் உயர்ந்த படைப்பு என்று சிலர் வாதிடக்கூடும். பட்டும் மாலையும் சாத்தியபின் ஒரு திருமேனியில் கண்ணுக்குத் தெரிவது முகமும் கைகளும்தான். உற்றுப் பார்ப்பவர் இல்லாத இடத்தில் தேறிய தேர்ச்சி அது.

ஆகவே செய்முறையிலிருந்து தொடங்குவதே முறை. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய முதல் பூச்சாகவும், பிறகு கரடான மண்ணைக் கனமாகவும் அப்பி, கம்பி கட்டி, வறட்டி நெருப்பில் சுட்டு மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சு உடைகிறது, மெழுகு போய்விடுகிறது. கையால் மெழுகு பிடித்த வரையில் ஒவ்வொரு சிலையும் புதிதாகச் செய்யப்பட்டதே. அதே படியை இன்னொரு முறை வார்க்க வேண்டுமானால் மறுபடியும் மெழுகு பிடித்தாக வேண்டும். எனவே சுவாமிமலைப் படியைப் ‘பிரதி’ என்பதைவிட, பழைய இலக்கணத்துக்குள் செய்த புது ஆக்கம் என்பதே பொருந்தும். இந்தப் பெருமைக்குள் ஒரு பொறுப்பும் இருக்கிறது. புது ஆக்கம் என்றால் புது ஆக்கத்துக்குரிய கண்டிப்போடுதான் அதைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது உளி. சோழர் வார்ப்புகளில் மாலை, கடகம், இடையாடை மடிப்பு எல்லாம் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்துவிட்டவை. உலோகமான பிறகு பட்ட கைவேலை சொற்பம். மெழுகு விரலுக்கு இணங்கும் பொருள். அதில் போட்ட கோடு உடம்பின்மேல் படுத்துக்கொள்ளும். இன்றைய வழக்கத்தில் மெழுகு ஏறக்குறைய மொட்டையாகவே அச்சுக்குள் போகிறது. நகையும் விரல் நகமும் கண் இமையும் வார்த்த பிறகு நாள்கணக்கில் உளியால் வெட்டப்படுகின்றன. உளி வேலையில் அபாரத் துல்லியம் உண்டு, அதை மறுக்க முடியாது. ஒரு நல்ல கைவினைஞர் அரையங்குல அட்டிகையில் காட்டும் பொறுமைக்கு முன்னால் விமர்சகன் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். ஆனால் வெட்டிய கோட்டின் விளிம்பு கூர்மையாக நிமிர்ந்து நிற்கிறது. நகை உடம்பின்மேல் கிடப்பதாகத் தோன்றாமல் உடம்புக்குள் பதித்ததாகத் தோன்றுகிறது. விவரம் கூடக் கூட உருவம் இறுகிப்போகும் விந்தை இதனால்தான். பூப்போட்ட பீடத்தையும் பொடிப்பொடியான மணிச்சரத்தையும் காட்டி ‘எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்’ என்று கடைக்காரர் சொல்லும்போது, அவர் காட்டுவது பெரும்பாலும் குறையைத்தான்.

இலக்கண சுத்தம் இன்னொரு பொறி. உத்தம தசதாலம் என்ற சிற்ப அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 கூறு. ஓலையை மடித்து மடித்து அளவு எடுக்கும் முறை இன்றும் பட்டறைகளில் பிழையின்றி இருக்கிறது. ஆனால் அளவு சரி என்பது வெண்பாவில் தளை தட்டவில்லை என்பதைப் போன்றது. கவிதை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பத்தாம் நூற்றாண்டின் மேதையும் இன்றைய சராசரிக் கைவினைஞரும் ஏறக்குறைய ஒரே ஓலையை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். வித்தியாசம் ஓலையில் இல்லாத இடங்களில் இருக்கிறது: தோளிலிருந்து முழங்கைக்குத் தசை இறங்கும் விதம், எடை தாங்கும் காலுக்கும் தளர்ந்த காலுக்கும் இடையே இடுப்பு மேற்கொள்ளும் சாய்வு, மூச்சை உள்ளே நிறுத்திய வயிறு.

இவற்றைச் சோதிக்க நான் நம்பும் இடம் முதுகு. உற்சவத் திருமேனி வீதியில் போவது, நாலு பக்கமும் பார்வைக்கு உரியது. அதனால் சோழர் கலைஞன் முதுகை மிச்சமாக விடவில்லை. தண்டுவடத்தின் பள்ளம், தோளில் புரளும் சடை, தலைக்குப் பின்னே சிரசக்கரம், பூணூல் இடத்தோளிலிருந்து குறுக்காக இறங்கும் போக்கு எல்லாம் முன்பக்கத்துக்கு இணையான கவனத்தோடு வந்திருக்கும். இன்று பட்டறைக்கு முன்மாதிரியாக வருவது பெரும்பாலும் புத்தகத்தில் அச்சான முன்பக்கப் படம். முன்னால் ததும்பும் உடல் பின்னால் தட்டைப் பலகையாவதும், பூணூல் தோளைத் தாண்டியதும் வெறும் கீறலாவதும் அதனால்தான். வாங்குபவர் சிலையைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் பட்டறைகளின் பாதி அலட்சியம் தானே ஒழியும்.

எந்த நிலையில் இருக்கும் மூலத்தைப் படியெடுப்பது என்பது இன்னும் சிக்கலான கேள்வி. திருவெண்காட்டு ரிஷபவாகனரை எடுத்துக்கொள்வோம். 1011-ஐச் சேர்ந்த அந்தத் திருமேனி இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றி, கால் மாற்றி, ரிஷபத்தின்மேல் கை சாய்த்து நிற்கும் கோலம். ரிஷபம் கிடைக்கவில்லை. ஆகவே நாம் வியக்கும் அந்த ஒய்யாரமே ஒரு சிதைவின் பரிசு. பெரும்பாலான படிகள் ரிஷபம் இல்லாமல் அப்படியே வருகின்றன. அருங்காட்சியகப் பொருளுக்கு அவை விசுவாசமானவை, கருத்துக்கு அல்ல. கை எதன்மேல் சாய்கிறது என்ற கேள்வியே செய்தவர் மனத்தில் எழாதபோது அந்த முழங்கையில் பாரம் இருக்காது, வளைவு மட்டும் இருக்கும். துணிந்து ரிஷபத்தைச் சேர்ப்பவர்களும் உண்டு. விலங்கின் உயரம் கைக்கு ஒத்துவராமல் கை அந்தரத்தில் நிற்கும் படிகள் அவற்றில் அதிகம். இரண்டில் நான் மதிப்பது பின்னதையே. தோற்றாலும் அதில் ஒரு சிந்தனை இருக்கிறது. தலைப்பாகையில் மட்டும் இரு சாராரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். மூலத்தில் சடைகளும் பாம்பும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்லும். படிகளில் அவை கயிற்றுக் கட்டுபோல வரிவரியாக நிற்கின்றன.

செயற்கைப் பழமை விஷயத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை. அமிலத்தால் பச்சைக் களிம்பு ஏற்றுகிறார்கள், மண்ணில் புதைத்து எடுக்கிறார்கள், மூக்கையும் முழங்காலையும் தேய்த்து மழுக்குகிறார்கள். இது ஏமாற்று என்பதோடு அறிவீனமும்கூட. பூமிக்குள் நெடுங்காலம் கிடந்த உலோகம் பச்சை பூக்கும். இடைவிடாமல் அபிஷேகம் கண்ட திருமேனியோ கருத்து, வழுவழுத்து, முகம் தேய்ந்து போகும். இரண்டும் ஒரே மூர்த்தியில் முழுமையாகக் கூடிவருவது அரிது. களிம்புக்கடியில் உளியின் கூர்விளிம்பு பளபளத்தால் அங்கே விவாதமே தேவையில்லை. புதிய வார்ப்பு புதிதாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: நூறாண்டைக் கடந்த சிற்பத்தை 1972-ன் தொல்பொருள் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. புதுச் சிலையை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்பவர் அது தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்க அலைவதற்கு இந்தப் பொய்ப் பழமையும் ஒரு காரணம்.

ரப்பர் அச்சு வந்தபின் மேலே சொன்ன ‘புது ஆக்கம்’ என்ற பெருமையும் ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு நல்ல சிலையின்மேல் அச்சு எடுத்து அதில் மெழுகை ஊற்றினால் வேண்டிய மட்டும் படிகள் கிடைக்கும். உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பின்மேல் எடுத்த வார்ப்பு மூலத்தைவிடச் சற்றே சிறுக்கும், விவரமும் மழுங்கும். மழுங்கியதை மீட்க மறுபடி உளி. பிரான்ஸில் இதற்குத் தெளிவான ஏற்பாடு இருக்கிறது. ஒரு சிற்பத்துக்கு 12 வார்ப்புகள்வரைதான் மூலப் படைப்பு என்ற தகுதி பெறும்: எட்டுக்கு வரிசை எண், நான்கு கலைஞருக்குரியவை. அதற்கு அப்பாற்பட்ட மறுவார்ப்பில் ‘மறுஆக்கம்’ என்று அழியாதபடி பொறிக்க வேண்டும் என்கிறது 1981-ன் அரசாணை. பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் இறந்த பிறகும் அவர் அச்சுகளிலிருந்து வார்க்கப்பட்டவற்றைப் பற்றிய சச்சரவு அங்கே ஓயவில்லை. ஆனாலும் எது என்ன என்று சொல்லும் மொழி அவர்களிடம் இருக்கிறது. சுவாமிமலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது ஊரைச் சொல்கிறது. கையால் மெழுகு பிடித்ததா, ரப்பரில் ஊற்றியதா என்று சொல்வதில்லை.

விலை நிர்ணயத்தில் இந்தக் குழப்பம் அப்பட்டமாகத் தெரிகிறது. கடைகளில் பெரும்பாலும் எடைக்கு விலை. கனவார்ப்பு என்பதால் கனமும் உண்டு. ‘பஞ்சலோகம்’ என்ற சொல்லுக்குத் தனி விலை. பழைய திருமேனிகளைச் சோதித்தால் செம்பும் வெள்ளீயமும் காரீயமுமே முதன்மையாகக் கிடைக்கின்றன. இன்றைய உலைகளில் செம்பும் பித்தளையும் காரீயமும், சம்பிரதாயத்துக்கு ஒரு பொட்டு வெள்ளியும் தங்கமும். வழிபாட்டில் அந்தப் பொட்டுக்குப் பொருள் இருக்கலாம். சிற்பத் தரத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு கிலோ எடையில் மெழுகிலேயே முடிந்து, முதுகு உயிரோடு இருக்கிற ஒரு சிறு சோமாஸ்கந்தர், இருபது கிலோ நடராஜரைவிட அதிக விலைக்கு உரியவர். சந்தை இன்று இதற்கு நேர்மாறாகக் கணக்கிடுகிறது. மெழுகில் கூடுதலாக ஒரு வாரம் செலவிடும் ஸ்தபதிக்கு அதற்கான கூலி இல்லை, உளிக்காரர் வெட்டித் தள்ளும் ஒவ்வொரு மணிக்கும் காசு உண்டு. இந்தக் கணக்கு இருக்கும்வரை திறமை எங்கே போகும் என்று கேட்பது வீண். அது உளிக்குத்தான் போகும், போய்க்கொண்டும் இருக்கிறது.