எதிரி இல்லாத நோய்: ஃப்ளானரி ஓ'கானரின் கதைகள் குறித்து

நோயுற்ற எழுத்தாளரைப் பற்றி எழுதும்போது நம் விமர்சனம் இரண்டு வாக்கியங்களோடு திருப்தி அடைந்துவிடுகிறது. அவர் நோயோடு போராடினார் என்பது ஒன்று. அந்த நோய்தான் அவர் எழுத்துக்கு ஆழம் தந்தது என்பது மற்றது. முதலாவது எழுத்தாளரைச் சிப்பாயாக்குகிறது. இரண்டாவது நோயை அவருக்கு வாத்தியாராக்குகிறது. இரண்டையும் கதைகளைப் படிக்காமலே எழுதிவிட முடியும் என்பதுதான் இவற்றின் சௌகரியம். அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானர் குறித்தும் இந்த வாக்கியங்கள் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. அவருக்கு வந்த நோயின் இயல்பைச் சற்று நிதானித்துப் பார்த்தால் இரண்டுமே அதற்குப் பொருந்தவில்லை என்று எனக்குப் படுகிறது.

முதலில் தகவல்கள். 1925இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். 15 வயதில் தந்தையை இழந்தார். தந்தைக்கு வந்திருந்தது லூபஸ். 1950 டிசம்பரில், முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வடக்கிலிருந்து ரயிலில் ஊர் திரும்பும்போது கடுமையாக நோயுற்றார். அப்போது வயது 25. முடக்குவாதம் என்று முதலில் சொல்லப்பட்டது. தந்தையின் நோயே மகளுக்கும் என்பதைத் தெரிந்துகொண்ட தாய் அதை அவரிடம் சொல்லவில்லை. 1952இல் தோழி ஸாலி ஃபிட்ஜெரால்ட் சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது. அதன்பின் மில்லெட்ஜ்வில் ஊருக்கு வெளியே தாயின் பால்பண்ணையிலேயே வாழ்க்கை. காலையில் சில மணி நேரம் எழுத்து. மீதி நாளுக்குத் தெம்பு இல்லை. 1955 முதல் ஊன்றுகோல்கள். 1964 ஆகஸ்டில், 39 வயதில் மரணம். இரண்டு நாவல்கள், இரண்டு சிறுகதைத் தொகுதிகள். இரண்டாவது தொகுதி அவர் இறந்த பிறகு, 1965இல் வந்தது.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். பெயர் வைத்தவர்கள் முகத்துப் புண்ணைப் பார்த்து, வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து கடித்ததாக உருவகித்துக்கொண்டார்கள். ஓநாய் எதுவும் வருவதில்லை. கிருமிகளை இனம்கண்டு அழிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உடலின் சொந்த அணுக்களின் உட்கருவையே அந்நியமாகக் கொண்டு தாக்குகிறது. தோல், மூட்டு, சிறுநீரகம் எதுவும் தப்புவதில்லை. உடல் தனக்கு எதிராகவே நஞ்சு தயாரிப்பதை உடல் வெறுத்து விலக்கும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் கருதினார். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில், ஒரு வெள்ளணு இன்னொரு அணுவின் உட்கருவை விழுங்கி வைத்திருந்ததைக் கண்டு எழுதினார்கள்.

அதே 1948இல் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தார். அவர் மரணத்தைச் சுற்றி நாம் வளர்த்துக்கொண்ட ஐதீகத்தில் கிருமி, வறுமை, சினிமா உலகம், சமூகத்தின் அலட்சியம் எல்லாம் வெளியே நிற்கின்றன. கோபத்துக்கு ஒரு திசை கிடைக்கிறது. லூபஸில் அப்படி ஒரு வெளி இல்லை. ஸூஸன் ஸொன்டாக் 1978இல் எழுதிய நோயும் உருவகமும் பற்றிய நூலில் காசநோயையும் புற்றுநோயையும் எடுத்துக்கொண்டு, யுத்த பாஷையைக் களையச் சொன்னார். இந்த வகை நோய்களில் களைவதற்கு முன்பே அந்த பாஷை உடைந்துபோகிறது. படையும் கோட்டையும் ஒன்றேயாகும்போது போராட்டம் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன?

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. 24 வயதிலிருந்து எனக்கு முடக்குவாதம். அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காலையில் விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் ஆகும். எதைத் தின்றாய், எந்தத் தெய்வக் குற்றம், இந்த வயதில் எப்படி என்று கேட்பவர்களுக்கும், மனதைத் தளரவிடாமல் போராடு என்று சொல்கிற நண்பர்களுக்கும் அடிப்படையில் வித்தியாசமில்லை. இரு சாராருக்கும் வெளியே ஒரு காரணம் தேவைப்படுகிறது. என் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தத்தான் நான் மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் அவர்களுக்குப் புரிவதில்லை. ஓ'கானரின் கதைகளை நான் திரும்பத் திரும்பப் படித்தது இதனால்தான். ஆறுதல் தேடி அல்ல. அங்கே ஆறுதல் கிடையாது.

'தி எண்ட்யூரிங் சில்' 1958இல் வெளிவந்த கதை. ஆஸ்பரி என்ற இளைஞன், எழுத்தாளனாக முடியாதவன், நியூயார்க்கிலிருந்து தாயின் பால்பண்ணைக்குச் சாக வருகிறான். தன் தோல்விக்குத் தாயே காரணம் என்று நிரூபிக்கும் நீண்ட கடிதம் ஒன்று கையிலிருக்கிறது. அவன் செத்த பிறகு அவள் படிக்க வேண்டும். உள்ளூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார். மாட்டுக்கு வரும் காய்ச்சல். சாவு இல்லை, ஆனால் விட்டுவிட்டு வந்துகொண்டேயிருக்கும். முன்பொரு முறை, தாயின் கட்டளையை மீறி, கறுப்பினத் தொழிலாளிகளோடு தான் சமமானவன் என்று காட்டிக்கொள்ளக் காய்ச்சாத பாலை அவனே குடித்திருந்தான். அவர்கள் குடிக்கவில்லை.

இங்கே கிருமி வெளியிலிருந்துதானே வருகிறது என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் அதை உள்ளே விட்டது, அவன் தன்னிடம் உயர்ந்ததென்று நினைத்த குணம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. நோயுற்றுத் திரும்பிய இளம் எழுத்தாளர், தாய், பால்பண்ணை என்று தன் நிலைமை முழுவதையும் அவனுக்குக் கொடுத்த ஓ'கானர், தன் நோயை மட்டும் கொடுக்கவில்லை. சாகும் நோய் தரக்கூடிய கௌரவத்தை அவனிடமிருந்து பிடுங்கிவிடுகிறார். சுயசரிதையைக் கதையாக்குகிற நம் எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கறார்த்தன்மை உண்டு?

'ரெவலேஷன்' 1964இல், அவர் இறந்த ஆண்டில் வெளிவந்தது. டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, யார் யார் தனக்குக் கீழே என்று கணக்குப் போடுகிற மிஸஸ் டர்ப்பினின் முகத்தில் ஒரு பெண் புத்தகத்தை விட்டெறிந்து, பன்றி என்கிறாள். மாலையில் பன்றிக் கொட்டிலில் நின்று அவள் காணும் காட்சியில், எல்லோருக்கும் பின்னால் வருகிறார்கள் அவளைப் போன்ற கௌரவமானவர்கள்; அவர்களுடைய நற்குணங்களே எரிந்துபோகின்றன. கெட்டதும் எரிந்தது என்பதல்ல விஷயம். கவசமாக இருந்தது எரிகிறது. இதைக் கிருபை என்பார் ஓ'கானர். அந்த நம்பிக்கை எனக்கில்லை. கவசமே காயமாகும் என்ற பிரக்ஞை, நம்பிக்கையில்லாத வாசகனையும் தாக்குகிறது.

அப்படியானால் லூபஸ் கற்றுத்தந்த பாடம்தானே இது? காலக் கணக்கு அதை ஒப்பவில்லை. 'வைஸ் பிளட்' நாவல் 1952இல் வந்தாலும், நோய் வெளிப்படும் முன்பே பெரும்பகுதி எழுதப்பட்டுவிட்டது. தன் கண்ணைத் தானே குருடாக்கிக்கொள்ளும் ஹேஸல் மோட்ஸின் கதை அது. பார்வை முதலில் இருந்தது. நோய் பிறகு வந்தது. வந்தபோது அதைப் பார்க்க எதிரி தேவைப்படாத ஒரு கண் அவரிடம் ஏற்கனவே இருந்தது. நான் சொல்ல வருவது இவ்வளவே.

நோய் அவரைப் புனிதராக்கவுமில்லை. கறுப்பினத்தவரைப் பற்றி அவர் கடிதங்களில் எழுதிய இழிசொற்கள் 2020இல் மறுபடி விவாதத்துக்கு வந்தன. மேரிலாண்டில் உள்ள லயோலா பல்கலைக்கழகம் ஒரு விடுதிக்கு இட்டிருந்த அவர் பெயரை எடுத்துவிட்டது. மிஸஸ் டர்ப்பினைத் தன்னிடமும் கண்டுதான் அவர் எழுதினார் என்று இதற்கு வக்காலத்து வாங்குவது எளிது. கடிதம் கடிதம்தான், கதை கதைதான். இரண்டையும் எழுதிய கை ஒன்று.

1950களில் லூபஸ் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்தாண்டு தாண்டவில்லை. இன்று, நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், பத்தில் ஒன்பது பேர் பத்தாண்டைத் தாண்டுகிறார்கள். நோயாளிகளிலும் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்; பெரும்பாலும் இளவயதினர். அதாவது இந்த உடலோடு நெடுங்காலம் இருந்து எழுதப்போகிறவர்கள் நம்மிடையேயும் வருவார்கள். அவர்களை வரவேற்க நம் விமர்சனத்திடம் இருப்பவை அந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும்தான். அவற்றை முதலில் கைவிட வேண்டும்.