கலையும் சூழற் போராட்டமும்: கதிரவெளிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

கலை மக்களைச் செயலுக்குத் தூண்டும் என்பது நாடக, இலக்கியத் திறனாய்விலே நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் கருத்தாகும். சூழற் பாதுகாப்புத் துறையிலும் இக்கருத்து இன்று பெருவழக்காகிவிட்டது. யூன் 5 ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம் வந்ததும் பாடசாலைகளிலே சித்திரப் போட்டி, சந்திகளிலே வீதி நாடகம், மண்டபங்களிலே திரைப்படக் காட்சி என்பன நடைபெறுகின்றன. ஆனால் 6 ஆம் திகதி அவ்வூரிலே எஞ்சியிருப்பது யாது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. கலை எந்நிலையிற் செயலாக மாறுகின்றது, எந்நிலையில் வெறுங் காட்சியாகவே முடிந்துவிடுகின்றது என்பதை அறிய இவ்வினா இன்றியமையாதது.

இவ்வினாவைப் பொதுப்பட எழுப்புவதிலும், ஒரு நிலத்திலே காலூன்றி நின்று எழுப்புவதே பயனுடையது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், வாகரைப் பிரதேசத்திலே, கடலோரமாக அமைந்த ஊர் கதிரவெளி. 2004 இல் ஆழிப்பேரலையும் 2006 இல் போரும் அவ்வூர் மக்களைத் தம் மண்ணிலிருந்து பெயர்த்தன. மீண்டு வந்து குடியேறியவர்கள் அண்மை ஆண்டுகளில் இல்மனைட் மணல் அகழ்வு முயற்சிகளுக்கு எதிராகக் குரலெழுப்பி வருகின்றனர். வெண்ணிறச் சாயத்துக்கு வேண்டிய தைத்தானியம் ஈரொட்சைட்டு இம்மணலிலிருந்தே பெறப்படுகின்றது. வடக்கே புல்மோட்டையிற் கனிய மணல் அகழ்வு பல தசாப்தங்களாக நடைபெற்று வருவது யாவரும் அறிந்ததே. கணக்கேட்டில் அது கனியம். கரையிலே வாழ்பவருக்கோ அதுவே கடலுக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் அரண்.

இத்தகையதொரு சூழலிற் கலை செய்யத்தக்க முதற்பணி யாது என்பதற்குத் தமிழகம் நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. கபேர் வாசுகி எழுதி ரி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ 2017 சனவரியிற் காட்சிப் படமாக வெளிவந்தது. எண்ணூர்க் கழிமுகத்தை அனல் மின் நிலையங்களின் சாம்பலும் பிற கைத்தொழில்களும் சீரழித்தமையே அதன் பொருள். சென்னைப் பேச்சுவழக்கு கருநாடக இசையின் இராகமாலிகையில் ஏறியமை பலராலும் வியந்து பேசப்பட்டது. எனினும் அப்பாடலின் உண்மையான சாதனை வேறிடத்திலே உள்ளது. தனியார் உடைமையாகாது மேய்ச்சலுக்கும் நீருக்கும் ஊரவர் யாவருக்கும் பொதுவாய்க் கிடந்த நிலத்தைச் சுட்டிய ‘புறம்போக்கு’ என்ற சொல், நகர வழக்கில் வசைச்சொல்லாய் இழிந்திருந்தது. அச்சொல்லை அப்பாடல் மீட்டெடுத்தது. நிலத்தைப் பறிப்பதற்கு முன்னர் அதன் பெயர் பறிக்கப்படுகின்றது என்ற உண்மையை அது உணர்த்திற்று.

ஈழத்து வாசகருக்கு இவ்வுண்மை புதிதன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரித்து நாட்டப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியன எனக் கொள்ள வழிசெய்தது. உறுதி இல்லாத நிலம் உடையவர் இல்லாத நிலமாயிற்று. கடற்கரையை ‘வெறுமணல்’ எனக் கூறும் இன்றைய நோக்கும் அம்மரபின் வழித்தோன்றலே எனலாம்.

ஆயினும் சொல்லை மீட்பது மட்டும் போதுமா? 2023 டிசெம்பரிற் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்திலே பரவியது. பாடல் வெளிவந்து ஏறத்தாழ 7 ஆண்டுகளின் பின்னரும் அந்நீர் காக்கப்படவில்லை. இது பாடலின் தோல்வி எனக் கொள்வது பொருந்தாது. பாடலிடம் எதனை எதிர்பார்க்கலாகாது என்பதற்கான சான்று அது.

கொடைக்கானலை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். அங்கே இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரச மாசு காரணமாக 2001 இல் மூடப்பட்டது. 2015 இற் சோபியா அஷ்ரப் பாடிய சொல்லிசைப் பாடல் இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர் தொடர்பாக உடன்பாட்டுக்கு வந்தது. பாடலே வெற்றியைப் பெற்றுத் தந்தது எனக் கூறுவோர் உளர். அது மேலோட்டமான முடிபாகும். அத்தொழிலாளர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அமைப்பாகத் திரண்டு, வழக்காடி, வீதியில் நின்றவர்கள். பாடல் அவர்களது குரலைப் பெருக்கியதேயன்றி, இல்லாத குரலை உண்டாக்கவில்லை. திரண்ட மக்கள் இல்லாதவிடத்து எத்துணைச் சிறந்த படமும் பார்வையாளரை மட்டுமே உண்டாக்கும்.

எனின், மக்கள் திரள்வதற்கே கலை துணைசெய்ய இயலாதா? இவ்விடத்திலேதான் மட்டக்களப்பின் கூத்து மரபு மனங்கொள்ளத்தக்கதாகின்றது. கூத்து ஓர் இரவின் ஆட்டம் மட்டுமன்று. ஊர் கூடி முடிவெடுத்தல், சட்டங்கொடுத்தல், பழகுதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், வீட்டுக்கு வீடு ஆடுதல் எனப் பல மாதங்கள் நீளும் கூட்டுச் செயற்பாடு அது. அண்ணாவியார் கற்பிப்பார், ஆயின் எதை ஆடுவது, யார் ஆடுவது, செலவை எவ்வாறு பகிர்வது என்பன ஊரின் முடிபுகள். கூடிப் பேசி, முரண்பட்டு, இணங்கும் பயிற்சியை ஊருக்கு அளிக்கும் அமைப்பு இது. சூழற் போராட்டத்துக்கும் வேண்டப்படுவது இப்பயிற்சியே.

1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைச் செம்மைப்படுத்திப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தமை பெரும் பணி. எனினும் மேடைக்கு வந்தது ஆட்டமேயன்றி, அவ்வாட்டத்தை ஈன்ற ஊர்ச் செயற்பாடு அன்று. 2000களின் தொடக்கத்திற் சி. ஜெயசங்கர் சீலாமுனையில் ஊரவரோடும் அண்ணாவியாரோடும் இணைந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் வேறு திசையிற் சென்றது. கூத்து ஊரிலேயே நிகழ்ந்தது. சாதி, பால் பற்றிய பழைய சித்திரிப்புகளை ஆடுவோரே விவாதித்து மாற்றினர். ஊரே கேள்வி கேட்கும் இம்முறையை நிலமும் நீரும் பற்றிய கேள்விகளுக்கும் விரிக்க இயலும்.

இதற்கு இரு தடைகள் கூறப்படலாம். கூத்துக்கு மாதங்கள் வேண்டும். அகழும் இயந்திரமோ ஒரே நாளில் வந்துவிடும் என்பது ஒன்று. இது மெய்யே. ஆதலாற்றான் இயந்திரம் வந்தபின் கலைஞரைத் தேடுவது பயன் தராது. கலை பிரசாரமாகத் தாழும் என்பது மற்றொன்று. வெளியிலிருந்து எழுதிக் கொணர்ந்த சுவடியை ஊரவர் ஒப்புவிக்கும்போதே அத்தாழ்வு நேர்கின்றது. கதிரவெளியிற் கரைவலை இழுப்பவரும், இடம்பெயர்ந்து மீண்ட தாய்மாரும், வாகரைப் பகுதியின் வேடர் வழிவந்தோரும் தமக்குள் ஒத்த கருத்தினர் அல்லர். அகழ்வினால் வேலை கிடைக்கும் என எண்ணுவோரும் அவ்வூரில் இருத்தல் கூடும். அவர்களது வாதமும் களரியில் ஏறுமாயின் அக்கலை பிரசாரமாகாது.

கரை மணலைக் காற்றும் அலையும் கொண்டுபோகாமற் பற்றி நிற்பது அடம்பன் கொடி. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது ஈழத்தவர் நாவிற் பயின்ற பழமொழி. கொடியின் வலிமை பூவில் இல்லை. கணுத்தோறும் மண்ணிலே வேரூன்றுவதில் உள்ளது. சூழற் கலையை மதிப்பிடவும் இதுவே உரிய அளவுகோல். எத்தனை பேர் பார்த்தனர் என்பதைக் காட்டிலும், பார்த்தவர் மறுநாள் எங்கே கூடினர், யாது முடிவெடுத்தனர் என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினாவாகும்.