குழலும் குடிநீரும்

கூந்தலின் மணம் இயற்கையா, செயற்கையா என்று பாண்டியன் அவையில் நிகழ்ந்த வாதத்தைத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. இறைவனும் நக்கீரரும் வாதிட்டனர். கூந்தலுக்குரியவளை எவரும் வினவினாரில்லை. நமது கேச வருணனை மரபின் இயல்பை இக்கதையே காட்டிவிடுகிறது.

ஆயினும் அம்மரபு சுருளை இகழவில்லை. குழல், சுரியல் என்னும் சொற்களிலேயே சுருளும் தன்மை பொதிந்துள்ளது. நேர்மயிரே அழகு என்பது பிற்காலச் சந்தையின் தீர்ப்பு. மயிரை நிமிர்த்தும் மருந்துகள் சிலவற்றிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைப்பதென 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. கறுப்பின மக்களின் இயல்பான கேசத்தைக் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு செய்வதைக் கலிபோர்னியா 2019இல் சட்டத்தால் தடுத்தது.

இனி, வேலணைத் தீவின் சாட்டியை நோக்குவோம். சுருள்மயிரில் தலையின் எண்ணெய்ப்பசை நுனிவரை எளிதில் இறங்காது. ஆதலால் அது விரைவில் வறளும். சுண்ணாம்புப் பாறையில் ஊறும் வன்னீரிலோ சவர்க்காரம் நுரைக்காது திரிந்து மயிரில் படியும். தேங்காயெண்ணெயும் பல்லகன்ற சீப்பும் பொறுமையும் அதனைப் பேணப் போதும். ஆனால் அலசுவதற்கு நன்னீர் வேண்டும். உவர்க்கிணறுகள் மலிந்த தீவுகளில் சாட்டியின் நன்னீரே அயலூர்களின் தாகத்தையும் தீர்த்து வந்திருக்கிறது. குடிப்பதற்கே அளந்து கொள்ளும் நீரில் கூந்தலுக்கு எவ்வளவு மிஞ்சும்? குறை மயிரில் இல்லை, நீர்ப்பங்கீட்டில் இருக்கிறது.

கூந்தலுக்குக் கார்மேகத்தை உவமை சொன்ன புலவர் பலர். அம்மேகம் பொழிந்த நீர் யார் வீட்டுக் குடத்தை அடைந்தது என்று பாடும் புலவனையே நாம் எதிர்நோக்குகிறோம்.