கரி போடும் கை

நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 வகை எக்ஸ்பிரஸ் நீராவி ரயில் எஞ்சின்களைப் பற்றிப் பேசுவோர், 1938 ஜூலை 3 அன்று அவற்றில் ஒன்றான ‘மல்லார்ட்’ மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டியதைத்தான் முதலில் சொல்வார்கள். என் மனம் லயிப்பதோ, அவற்றில் கரி போட்ட ஃபயர்மேன்களின் லாகவத்தில். மூன்று சிலிண்டர்களும் சக்கரச் சுற்று ஒன்றுக்கு ஆறு முறை புகைபோக்கி வழியே விடும் மூச்சு, நெருப்பை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்க, குலுங்கும் இரும்புத் தளத்தில் கால்களை ஊன்றி, 41 சதுர அடி எரிதட்டில் தணல் மெலிந்த இடத்தைக் கண்டு, அங்கே மட்டும் அளவாகக் கரியைத் தூவிவிடுவது நெடுநாள் அப்பியாசத்தால் வசப்படும் வித்தை. வெண்தழலின் பிரகாசத்தில் கண் கூசும்போது ஃபயர்மேன் வெறும் ஷவலைக் கவிழ்த்து அடுப்பு வாயில் நீட்டுவார். உள்ளே பாயும் காற்று அதில் பட்டுத் திரும்பி, அவர் பார்க்க விரும்பும் மூலையில் தழலை விலக்கிக் காட்டும். என்ன நுட்பம்!

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 393 மைல் நில்லாமல் இந்த எஞ்சின்கள் இழுத்துச் சென்ற வண்டியில், கரியும் நீரும் சுமக்கும் டெண்டரின் ஓரமாக 5 அடி உயரமும் 18 அங்குல அகலமுமே கொண்ட நடைவழியில் குனிந்து வந்து, பாதித் தொலைவில் வேறொரு டிரைவரும் ஃபயர்மேனும் பொறுப்பேற்பார்கள். அவர்களிடம் சீராக எரியும் நெருப்பை ஒப்படைத்துவிட்டுப் போவதைவிடச் சிறந்த சகதொழிலாளி மரியாதையை நான் அறியேன்.