முதுமையின் சோர்வுக்கு உரையாடல் மருந்தாகுமா? கோவா முயற்சி குறித்து ஒரு மதிப்பீடு

"வயசானா மனசு அப்படித்தான் இருக்கும்." வீட்டுப் பெரியவர்களின் சோர்வுக்கு நாம் சொல்லும் முதல் விளக்கம் இது. பல நேரங்களில் கடைசி விளக்கமும் இதுவே. 2017-18இல் நடந்த இந்திய முதுமை ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேரிடம் கடும் மனச்சோர்வுக்கான அறிகுறிகளைக் கண்டது. மருத்துவர் தமக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறிந்ததாகச் சொன்னவர்களோ 0.8 சதவீதம்தான். இடையிலிருக்கும் அத்தனை பேரும் தம் துன்பத்தை வயதின் கணக்கில் எழுதிவிட்டு வாழ்கிறார்கள்.

இந்த இடைவெளியில் இறங்கி வேலை செய்த முயற்சி ஒன்று கோவாவில் நடந்தது. 'சங்கத்' என்ற தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த அமித் டயஸ், விக்ரம் படேல் ஆகியோரும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ரெனால்ட்ஸும் வேறு சிலரும் சேர்ந்து அதன் முடிவுகளை 2019இல் வெளியிட்டார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 60 வயதுக்கு மேற்பட்ட 181 பேர் இதில் சேர்க்கப்பட்டார்கள். இவர்களுக்கு நோய் முற்றவில்லை. சோர்வின் தொடக்க அறிகுறிகள் மட்டும் இருந்தன. இவர்களுடன் பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர், மருத்துவப் பட்டமில்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். சிக்கல்களைத் தீர்க்கும் பயிற்சி, உறக்கத்தைச் சீராக்குதல், சர்க்கரை போன்ற நோய்களைப் பேணும் விதம், அரசு உதவிகளைப் பெற்றுத் தருதல் என்று நான்கும் சேர்ந்தது இவர்களின் வேலை.

ஓராண்டு முடிவில், இந்த உதவி பெற்ற 91 பேரில் 4 பேருக்கு முழு மனச்சோர்வு வந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்த 90 பேரில் 13 பேருக்கு வந்தது. உதவி பெற்றவர்களின் ரத்த அழுத்தமும் கூடுதலாகக் குறைந்தது.

இந்த முறையின் முதல் பலம், அது முதியவரிடம் "தைரியமாக இருங்கள்" என்று உபதேசிப்பதில்லை என்பது. தனிமையில் வாடும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். 'தனிமை' என்பது கைக்குள் அடங்காத துயரம். ஆலோசகர் மெல்லக் கேட்டுக் கேட்டு அதைச் சுருக்குகிறார்: எந்த நாளில் அதிகம் வாட்டுகிறது? ஞாயிற்றுக்கிழமை. ஏன்? தேவாலயத்துக்குப் போவது நின்றுவிட்டது. ஏன் நின்றது? கண்ணில் புரை, விடியற்காலைப் பூசைக்கு இருட்டில் படியிறங்கப் பயம். இப்போது வழிகள் தெரிகின்றன: வெளிச்சம் வந்தபின் நடக்கும் பூசை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் துணை, கண் அறுவை சிகிச்சை. அவரே ஒன்றைத் தேர்கிறார், செய்து பார்க்கிறார், அடுத்த சந்திப்பில் பேசுகிறார். தன் வாழ்வில் ஒரு காரியத்தைத் தானே மாற்ற முடிந்தது என்ற அனுபவத்திலிருந்துதான் மன உறுதி வளர்கிறது.

உறக்கத்துக்கான விதிகளும் அப்படியே எளிமையானவை. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறை; தினமும் ஒரே நேரத்தில் எழு; உறக்கம் வந்தால் மட்டும் படு; உறக்கம் கலைந்து புரண்டுகொண்டிருந்தால் எழுந்துவிடு. பகலெல்லாம் கட்டிலில் சாய்ந்திருந்து, இரவெல்லாம் விழித்துக் கவலைப்படும் பெரியவருக்கு இவை மாத்திரையில்லாத மருத்துவம்.

குறைகளையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். இரு தரப்புக்கும் இடையிலான வித்தியாசம் 9 பேர். நம்பிக்கை தரும் கணக்குதான், ஆனால் முடிந்த முடிவாகக் கொள்ள இது போதாது. நான்கு உதவிகளும் ஒன்றாகத் தரப்பட்டதால் எது பலித்தது என்று பிரித்தறிய முடியவில்லை. ஒருவர் தேடி வந்து பொறுமையாகக் கேட்டதே பாதி மருந்தாக இருந்திருக்கலாம். உடல் இயலாமையிலும் அறிவாற்றலிலும் மாற்றம் எதுவும் தென்படவில்லை. சுகாதார நிலையம்வரை நடந்து வர முடிந்தவர்களிடம் தொடங்கிய முறை என்பதால், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பற்றி அது அதிகம் சொல்லவில்லை.

இவற்றைவிட ஆழமான வரம்பு ஒன்று உண்டு. முதுமையின் பெருந்துயரங்கள் பலவும் தீர்க்கக்கூடிய சிக்கல்கள் அல்ல. ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த துணை போன பிறகு, எந்த வழியைப் பட்டியலிடுவது? பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்ட மகனை எந்தப் பயிற்சி திரும்பப் பேச வைக்கும்? அங்கே தீர்வு தேடுவது கொடுமை. உடன் அமர்ந்து துக்கத்தைப் பகிர்வதே கடமை. அதற்கான இடத்தை இந்த முறை இன்னும் அகலமாக ஒதுக்க வேண்டும்.

மற்றோர் ஆபத்து, மன உறுதியை முதியவரின் தனிப் பொறுப்பாக்கிவிடுவது. முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயதுவரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். மருந்துக் கடையில் கடன் வைத்திருக்கும் பாட்டியிடம் மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்வது ஆலோசனை ஆகாது. கோவாக்காரர்கள் அரசு உதவிகளைப் பெற்றுத் தருவதையும் சிகிச்சையின் பகுதியாக வைத்தது இதனால்தான் மிகச் சரியானது. உதவித்தொகையை உயர்த்துவதும் மனநலப் பணியே.

நிறைகுறைகளை எடைபோட்டால், தமிழ்நாடு இந்த முறையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் முடிவு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வாசலையும் அவர்கள் அறிவார்கள். அதே பயணத்தில் உறக்கம் பற்றியும் மனம் பற்றியும் நாலு கேள்வி கேட்கப் பயிற்சி தரலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது: கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம், ஆலோசகர்களுக்கே ஆலோசனை சொல்லும் தொடர்ந்த மேற்பார்வை, தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரை அன்றே மனநல மருத்துவரிடம் சேர்க்கும் ஏற்பாடு. இவற்றைச் செய்யாமல் உரையாடலை மட்டும் கொண்டுபோனால், முதியவர்களின் சோர்வை அந்தப் பெண்களின் தலையில் இறக்கி வைத்ததாகவே முடியும்.